நாவல் எழுதப் பயில்வோரும் வழிகாட்டி நூல்களும்

நாவல் எழுதுவதை நூல் வழியாகப் பயில இயலுமா என்னும் வினா நம்மிடையே அடிக்கடி எழுகின்றது. சங்கத்துச் சிறுகதைப் போட்டிகளில் பரிசு பெற்ற இளைஞர்கள், அடுத்து ஒரு நாவல் எழுதிப் பார்க்கலாம் என்று எண்ணும்போது முதலில் நாடுவது ஆங்கில நூற்கடைகளையே. அங்கே நாவல் எழுதக் கற்பிக்கும் நூல்கள் அடுக்கடுக்காகக் கிடைக்கின்றன. பெரியோர் சிலர் இதனைக் கண்டு நகைப்பர். நீந்தக் கற்பவன் ஆற்றில் இறங்க வேண்டுமேயன்றி நீச்சலைப் பற்றிய நூலைப் படித்துக் கொண்டிருத்தல் ஆகாது என்பது அவர்கள் கட்சி. ஆயின் இதே பெரியோர் தம் மகளை இசை பயிலப் பத்தாண்டுக் காலம் ஆசிரியரிடம் அனுப்புகின்றனர். பரத நாட்டியத்திற்கு அடவுகள் உண்டு என்பதையும் சிற்பிக்கு அளவு நூல்கள் உண்டு என்பதையும் ஒப்புகின்றனர். எழுத்தாளன் ஒருவனுக்கு மட்டும் பயிற்சி வேண்டுவதில்லை என்று ஏன் எண்ணுகின்றனர்? எல்லோருக்கும் பேசத் தெரியும், ஆதலால் கதை சொல்லவும் தெரியும் என்னும் நினைப்பே இதற்குக் காரணம் என்று தோன்றுகின்றது.

நூல்கள் பயன் தரும் என்பதே என் துணிபு. ஆனால் அவை எதைக் கற்பிக்கின்றன, யாரை நோக்கிக் கற்பிக்கின்றன, எந்த இடத்தில் வாய் மூடிக் கொள்கின்றன என்று பிரித்தறியாமல் படிப்பவனுக்கு அவற்றால் தீங்கும் விளையும். தமிழ்நாட்டுக்கு வெளியே, தில்லியிலோ மும்பையிலோ கொல்கத்தாவிலோ இருந்து கொண்டு தமிழில் எழுத விரும்புவோர்க்கு இந்தத் தெளிவு இன்னும் இன்றியமையாதது. அவர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் படித்து, வேறொரு மொழியில் கடைத்தெருவில் பேசி, தமிழில் எழுத முனைபவர்கள்.

நாவற் கலை பற்றிய ஆங்கில விவாதம் தெளிவான வடிவம் பெற்ற ஆண்டு 1884 எனலாம். அவ்வாண்டில் வால்ட்டர் பெசன்ட் என்னும் நாவலாசிரியர் இலண்டனில் ‘புனைகதைக் கலை’ பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றினார். ஓவியம், இசை ஆகியவற்றைப் போலவே நாவலும் ஒரு கலை, அதற்கும் கற்பிக்கத்தக்க விதிகள் உண்டு என்பது அவர் வாதம். தன் அனுபவத்திற்கு உட்பட்டதையே எழுத வேண்டும், குறிப்பேடு ஒன்றை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்றெல்லாம் அறிவுரைகள் வழங்கினார். அதே ஆண்டில் ஹென்றி ஜேம்ஸ் அதே தலைப்பில் மறுமொழி எழுதினார். நாவல் ஒரு கலை என்பதை அவர் முழுதும் ஏற்றார்; அனுபவம் என்பதற்குப் பெசன்ட் இட்ட வேலியைத்தான் ஏற்கவில்லை.

ஜேம்ஸ் அங்கே ஓர் எடுத்துக்காட்டுத் தருகின்றார். ஆங்கிலப் பெண் நாவலாசிரியர் ஒருவர் பாரிசில் மாடிப்படி ஏறிச் செல்கையில், திறந்திருந்த கதவின் வழியே, புரோட்டஸ்டண்டு சமயத்து இளைஞர் சிலர் உணவு முடிந்த மேசையைச் சூழ்ந்து அமர்ந்திருந்ததைக் கண்டார். கண்டது ஒரு கணமே. அந்த ஒரு கணத்திலிருந்து அவர்தம் வாழ்க்கை முழுவதையும் அவரால் எழுத முடிந்தது. இளமையும் அவருக்குத் தெரியும், புரோட்டஸ்டண்டு சமயமும் தெரியும். பிரெஞ்சுக்காரராய் இருப்பது எவ்வாறு என்பதும் அந்தக் காட்சியால் விளங்கிவிட்டது.

புலம்பெயர்ந்த குடும்பத்து இளைஞர்க்கு இந்தப் பழைய வழக்கு நேரடியாகப் பொருந்தும். கோடை விடுமுறையில் மட்டும் கண்ட தாத்தாவின் ஊரைப் பற்றி எழுத எனக்கு உரிமை உண்டா, அல்லது கரோல்பாகின் மூன்றாம் மாடியைப் பற்றித்தான் எழுத வேண்டுமா என்று அவர்கள் தயங்குகின்றனர். பெசன்டின் விதிப்படி ஊர் அவர்களுக்கு விலக்கு. ஜேம்சின் வழி நின்றால், கண்டது எவ்வளவு என்பதை விடக் கண்டதிலிருந்து எவ்வளவு உய்த்துணர முடிகின்றது என்பதே கேள்வி. நம்மவருள் இதற்கு மிக நேர்த்தியான விடை கண்டவர் இந்திரா பார்த்தசாரதி. தில்லிப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவர், 1968 டிசம்பரில் கீழ்வெண்மணியில் நாற்பத்து நான்கு பேர் எரியுண்டு மாண்ட கொடுமையை அடிப்படையாகக் கொண்டு ‘குருதிப்புனல்’ எழுதினார். 1975-இல் நூலாக வந்தது. ஊரினுள்ளேயே பிறந்து வளர்ந்தவனின் கண்ணை அவர் கடன் வாங்கவில்லை. தில்லியிலிருந்து வந்து அவ்வூரில் தங்கும் கோபாலையும், அவனைத் தேடி வரும் நண்பனையும் கதையினுள் வைத்தார். தாம் எந்தத் தொலைவில் நின்று பார்த்தாரோ அந்தத் தொலைவையே நாவலின் நோக்குநிலை ஆக்கிவிட்டார். இதற்கு நேர்மாறான வழி இராஜம் கிருஷ்ணனுடையது. உப்பளத் தொழிலாளரைப் பற்றிக் ‘கரிப்பு மணிகள்’ எழுதுவதற்கு அவர் தூத்துக்குடி உப்பளங்களுக்கே சென்று அம்மக்களிடம் கேட்டறிந்தார். இரண்டு வழிகளும் நேர்மையானவை. தெரியாத ஊரைத் தெரிந்ததுபோல் பாவனை செய்து, ஆலமரம், குளக்கரை, கோயில் மணி என்று ஆயத்தப் பொருள்களைக் கொண்டு நிரப்புவதே நேர்மையற்றது. நம் மலர்களில் வெளிவரும் கதைகளில் அத்தகைய குளக்கரைகள் ஏராளம்.

ஜேம்சின் நாவல்களைச் சான்றாக வைத்து 1921-இல் பெர்சி லபக் எழுதிய ‘புனைகதைத் தொழில்’ என்னும் நூலே நோக்குநிலை பற்றிய கோட்பாட்டுக்கு வித்திட்டது. யாருடைய கண் வழியே கதை காணப்படுகின்றது என்பதை ஆசிரியன் முன்னரே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். கதையைச் சொல்லாமல் காட்ட வேண்டும் என்பன அந்நூலினின்று பிறந்த பாடங்கள். இன்று வெளிவரும் ஒவ்வொரு வழிகாட்டி நூலிலும் இவ்விரண்டும் திருமந்திரம்போல் ஓதப்படுகின்றன.

இதனை அடுத்து வந்தவை 1927-இல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டிக் கல்லூரியில் இ. எம். ஃபார்ஸ்டர் ஆற்றிய சொற்பொழிவுகள். ‘நாவலின் கூறுகள்’ எனத் தமிழில் சொல்லத்தக்க அந்நூல் நம் கல்லூரிகளில் பெற்ற செல்வாக்கு மிகப் பெரிது. கதை என்பது ‘பிறகு என்ன?’ என்று கேட்கத் தூண்டுவது, கதைப்பின்னல் என்பது ‘ஏன்?’ என்று கேட்கத் தூண்டுவது என அவர் வகுத்த பாகுபாட்டை அறியாத தமிழ் முதுகலை மாணவர் அரியர். தட்டையான மாந்தர், முழுமையான மாந்தர் என்னும் பாகுபாடும் அவ்வாறே. ஆனால் நம் ஆய்வேடுகளில் ஒரு பாத்திரம் தட்டையானது என்று சொன்னால் அதனை இகழ்ந்ததாகவே பொருள். ஃபார்ஸ்டர் அவ்வாறு கருதவில்லை. டிக்கன்சின் மாந்தர் ஏறத்தாழ எல்லோரும் தட்டையானவர்களே என்று கூறிவிட்டு, அவர்களிடம் மனித ஆழம் தோன்றும் விந்தையையும் உடனே ஒப்புக்கொள்கின்றார். பெரிய நாவல் ஒன்றில் பக்கத்து வீட்டுக்காரரும் பால்காரரும் முழுமை பெற்று எழுந்து நின்றுவிட்டால் கதைத்தலைவிக்கு இடமேது? எழுதுவோன் ஃபார்ஸ்டரிடம் கற்க வேண்டியது இந்த அளவறிதலை.

மற்றொன்றும் ஈண்டு நோக்கத்தக்கது. லபக் வற்புறுத்திய நோக்குநிலை ஒருமையை ஃபார்ஸ்டர் பெரிதாக எண்ணவில்லை. வாசகன் ஏற்கும்படி செய்ய வல்லவனாயின் ஆசிரியன் ஓர் உள்ளத்திலிருந்து மற்றோர் உள்ளத்திற்குத் தாவலாம் என்பது அவர் கருத்து. பின்னர் 1961-இல் வேய்ன் பூத் என்னும் அமெரிக்கப் பேராசிரியர், ‘காட்டுதல் உயர்ந்தது, சொல்லுதல் தாழ்ந்தது’ என்னும் கொள்கையை அடியோடு ஆராய்ந்தார். ஆசிரியன் தன்னை மறைத்துக்கொள்ளலாம், ஆனால் இல்லாமற் போக முடியாது; எந்தக் காட்சியைத் தேர்ந்தெடுத்தான் என்பதிலேயே அவன் குரல் இருக்கின்றது என்று நிறுவினார். கோட்பாட்டு உலகில் முடிந்துபோன இவ்வழக்கு வழிகாட்டி நூல்களில் மட்டும் முடியவில்லை. அவை இன்னும் லபக்கின் ஒரு பாதியையே விதியாக விற்று வருகின்றன.

தமிழ் நாவலைப் பொறுத்தவரை இவ்விதியைக் கண்மூடி ஏற்பது பெரும் இழப்பாகும். 1893 முதல் ‘விவேக சிந்தாமணி’யில் தொடராக வந்த ராஜம் ஐயரின் ‘கமலாம்பாள் சரித்திர’த்தில் ஆசிரியர் வாசகரோடு நேரே பேசுகின்றார், கேலி செய்கின்றார், இடையே நின்று தம் எண்ணத்தைச் சொல்கின்றார். கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ 1976-இல் வந்தது. அதில் கதைசொல்லியின் குரலே கதையின் உயிர். திண்ணையிலும் களத்துமேட்டிலும் கதை கேட்டு வளர்ந்த மொழி நம்முடையது. அக்குரலை அடைத்துவிட்டு எல்லாவற்றையும் காட்சியாக்க வேண்டும் என்று முனைந்தால், கிடைப்பது திரைப்படத்தின் கையெழுத்துப் படி போன்ற ஒன்றாகத்தான் இருக்கும். வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ (1879) இன்றைய வாசகருக்குச் சில இடங்களில் அலுப்புத் தருவதும் ஆசிரியர் கதையைச் சொல்வதால் அன்று. கதையை விட்டு விலகி நீதி பேசப் போய்விடுவதால். அந்தக் குற்றத்திற்கு நம்மிடம் வேறொரு பெயர் உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

பயிற்சி நூல்கள் என்று சொல்லத்தக்கவை வேறோர் இனம். 1934-இல் டாரத்தியா பிராண்டு எழுதிய ‘எழுத்தாளர் ஆதல்’ என்னும் சிறு நூல், நுட்பங்களைப் பற்றிப் பேசுவதற்கு முன் எழுதும் பழக்கத்தைப் பற்றிப் பேசுகின்றது. வழக்கமாக எழும் நேரத்திற்கு அரைமணியோ ஒரு மணியோ முன்னதாக எழுந்து, எவருடனும் பேசாமல், நாளிதழையும் தொடாமல், மனத்தில் தோன்றுவதை எழுத வேண்டும் என்பது அவர் கூறும் முதற் பயிற்சி. நல்ல அறிவுரையே. ஆனால் இந்திய நகரத்து அடுக்ககங்களில் விடியற்காலம் என்பது குழாயில் தண்ணீர் வரும் காலம் என்பதை அந்த அம்மையார் அறிந்திருக்க நியாயமில்லை. தாய்மார் எழுதுவது எப்போது என்னும் கேள்விக்கு எந்த வழிகாட்டி நூலும் மனநிறைவான விடை தரவில்லை.

ஜான் கார்ட்னரின் ‘புனைகதைக் கலை’ அவர் மறைந்த மறு ஆண்டில், 1983-இல் வெளிவந்தது. இவ்வினத்து நூல்களுள் ஒன்றே ஒன்றைத்தான் படிக்க இயலும் என்பவர்க்கு இதையே பரிந்துரைப்பேன். புனைகதை வாசகனின் மனத்தில் அறுபடாத கனவொன்றை எழுப்ப வேண்டும். பிழையான சொல், நம்பத் தகாத செய்கை, ஆசிரியனின் வெற்று அலங்காரம் யாவும் அக்கனவைக் கலைப்பவை என்பது அவர் அடிப்படைக் கொள்கை. அவர் தரும் பயிற்சிகளுள் ஒன்று புகழ் பெற்றது. போரில் மகனை இழந்த ஒருவன் பார்க்கும் தானியக் களஞ்சியத்தை வருணிக்க வேண்டும். ஆனால் மகனையோ போரையோ சாவையோ குறிப்பிடலாகாது. இதனை நம்முடைய சூழலுக்கு எளிதில் மாற்றிக்கொள்ளலாம். வேலை போன செய்தியை வீட்டில் சொல்லாத ஒருவன் மாலை ஆறு மணிக்குத் தாதர் இரயில் நிலையத்தைப் பார்க்கின்றான். வேலை என்னும் சொல்லே வராமல் நிலையத்தை எழுதுக. நம் பழைய அகப்பாடல்கள் நிலத்தையும் பொழுதையும் கருப்பொருளையும் கொண்டு உள்ளத்தைக் குறிப்பால் உணர்த்திய முறையும் இதுவே என்பதை அப்பாடல்களைக் கற்றோர் உடனே காண்பர். தொல்காப்பியப் பொருளதிகாரத்தை வழிகாட்டி நூலாகப் படிக்க எவரும் நமக்குச் சொல்லித் தரவில்லை.

இவை தவிர, திரைக்கதை நூல்களிலிருந்து புறப்பட்டு வந்த கூட்டம் ஒன்று உண்டு. 1979-இல் சிட் ஃபீல்டு திரைக்கதைக்கு வகுத்த மூன்று பகுதி அமைப்பு, இன்ன பக்கத்தில் இன்ன திருப்பம் நிகழ வேண்டும் என்ற கணக்கு முதலியவற்றை நாவலுக்கும் சாற்றுவன இவை. இரண்டு மணி நேரத்தில் முடிய வேண்டிய கலைக்கு அக்கணக்கு உதவலாம். சுந்தர ராமசாமியின் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ 1981-இல் வெளிவந்தபோது அதற்கு எந்தப் பக்கத்தில் திருப்பம் இருந்தது? இல்லாத ஒரு மலையாள எழுத்தாளனின் வாழ்வையும் நாட்குறிப்பையும் கொண்டு அமைந்த அந்த நாவலை அவ்வகை நூல்களின் வழி நிற்கும் ஆசிரியர் எவரும் மாணவனுக்குத் திருப்பியே அனுப்பியிருப்பார்.

இனி, இந்நூல்கள் யாவும் ஒருசேர மௌனம் சாதிக்கும் இடங்களுக்கு வருவோம். அவை ஆங்கிலத்தில் எழுதுவோர்க்காக எழுதப்பட்டவை. ஆதலின் தமிழில் மட்டும் எழும் சிக்கல்களை அவை அறியா. இதில் அவற்றின் குற்றம் ஒன்றுமில்லை. அச்சிக்கல்கள் இருப்பதையே உணராமல் எழுதத் தொடங்குவது நம் குற்றம்.

முதற் சிக்கல் எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும். கதைசொல்லி எழுத்துத் தமிழில் பேச, மாந்தர் பேச்சுத் தமிழில் பேசுவது இன்று நிலைபெற்ற மரபு. ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ (1942) கொங்குப் பேச்சையும், நீல. பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ (1968) இரணியல் பகுதிப் பேச்சையும் உரையாடலில் துணிந்து கையாண்ட பின்னர் இது பற்றி எவரும் வினா எழுப்புவதில்லை. ஆனால் மாந்தரின் எண்ணம் எந்த வழக்கில் ஓட வேண்டும்? வாய் திறந்தால் ‘வரலையே’ என்பவன் மனத்துக்குள் ‘அவள் இன்னும் வரவில்லையே’ என்று எண்ணினால் அவனுள்ளே ஒரு வானொலி அறிவிப்பாளர் குடியிருப்பதாகத் தோன்றும். எண்ணம் முழுவதையும் பேச்சு வழக்கிலேயே எழுதினாலோ, நுட்பமான கருத்துகளைச் சொல்லுமிடத்தில் அது இடறும். படிப்பவர் கண்ணும் விரைவில் களைக்கும். ஜெயகாந்தன் ‘சில நேரங்களில் சில மனிதர்க’ளில் கங்காவையே தன் கதையைச் சொல்ல விட்டு, அவளது வீட்டுப் பேச்சையே கதைமொழியாகவும் ஆக்கி இதனைக் கடந்தார். அது தன்மையில் சொல்லப்படும் கதைக்கு உரிய வழி. படர்க்கையில் எழுதுவோர் ஒவ்வொரு பக்கத்திலும் இதனைப் புதிதாகத் தீர்த்தாக வேண்டும். ஒவ்வொருவரும் தமக்கென ஓர் எல்லைக்கோடு வகுத்துக்கொள்ள வேண்டியதுதான். வகுத்த பின் அதனை மறந்து நடத்தலாகாது.

இரண்டாவது சிக்கல் மரியாதை ஒருமை. ஆங்கில நாவலாசிரியனுக்குத் தந்தையும் ஒரே சொல்தான், ஏவலாளும் ஒரே சொல்தான். நமக்கு ‘அவர் வந்தார்’, ‘அவன் வந்தான்’ என்று முதல் வாக்கியத்திலேயே பிரிந்துவிடுகின்றது. ஆசிரியர் வந்தார், தபால்காரன் வந்தான் என்று எழுதுபவர் தாம் யாருடைய பக்கத்தில் நிற்கின்றார் என்பதைத் தாமறியாமலே சொல்லிவிடுகின்றார். இது வெறும் இலக்கணச் செய்தி அன்று, நோக்குநிலைச் செய்தி. லபக் ஓர் அத்தியாயம் முழுதும் விளக்கியதைத் தமிழில் ஒரு விகுதி வெளிப்படுத்திவிடும். மூன்று தலைமுறைக் கதை எழுதுவோரைக் கேட்டுப் பாருங்கள். பத்து வயதில் ‘அவன்’ ஆக ஓடிய சிறுவன் அறுபது வயதில் ‘அவர்’ ஆக வேண்டுமா? ஆக வேண்டுமெனில் எந்த அத்தியாயத்தில்? மணமான அன்றா, மகன் பிறந்த அன்றா, ஓய்வு பெற்ற அன்றா? ‘அவன்’ என்றே இறுதிவரை எழுதினால் ஆசிரியர் அவனை உள்ளிருந்து காண்கின்றார் என்று பொருள். பேரனின் கண்ணுக்குக் கதை மாறும் இடத்தில் ‘அவர்’ என்று மாற்றினால், அந்த ஒரு சொல்லே நோக்கு மாறியதை அறிவித்துவிடும். வீட்டு வேலை செய்யும் அம்மாளைக் கதைசொல்லி ‘அவள்’ என்று சுட்டுவதும் ‘அவர்’ என்று சுட்டுவதும் ஒன்றாகா. பழக்கத்தால் எழுதுவதை விட்டுத் தெரிந்து எழுதுவதே இதில் வேண்டப்படுவது.

உரையாடலிலும் இதே வளம் உண்டு. ஸ்டீஃபன் கிங் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட எழுத்துக் கலை நூலில் ‘கோபமாக’, ‘அன்பாக’ போன்ற அடைகளை உரையாடலோடு ஒட்டுவதைக் கண்டிக்கின்றார். தமிழில் அதற்குத் தேவையே குறைவு. ‘நீங்கள்’ என்று பேசிக் கொண்டிருந்தவள் ‘நீ’ என்று மாறிவிட்டால் கோபம் வந்துவிட்டது. ‘டா’ சேர்ந்தால் சில வேளை கோபம், சில வேளை கொஞ்சல். கணவனை ‘என்னங்க’ என்பவளும் ‘ஏன்னா’ என்பவளும் பெயர் சொல்லி அழைப்பவளும் ஒரே வாக்கியத்தைச் சொன்னாலும் மூன்று குடும்பங்கள் நம் முன் நிற்கின்றன.

மூன்றாவதாக, உள்ளத்தினுள் புகும் வாயில்கள். ஆங்கிலத்தில் கதை இறந்தகாலத்தில் நடந்தால் மாந்தரின் எதிர்கால எண்ணமும் இறந்தகால உருவிற்கு வளைக்கப்படும். அவ்வளைவை எவ்வாறு கையாள்வது என்று அந்நூல்கள் பல பக்கங்கள் விளக்கும். தமிழுக்கு அந்தத் தொல்லை இல்லை. ‘அவன் வானத்தைப் பார்த்தான். நாளை மழை வரும்’ என்று எழுதினால் போதும். இரண்டாம் வாக்கியம் அவன் எண்ணம் என்பது தானே விளங்கும். ஆங்கில நூலைப் படித்துப் பழகியவர் ‘நாளை மழை வருவதாக இருந்தது’ என்று எழுதிக் கெடுக்கின்றனர். ‘தன்’ என்னும் சொல்லின் அருமையும் இத்தகையதே. ‘இராகவன் உறையைப் பார்த்தான். தன் தந்தையின் கையெழுத்து’ என்றால் நாம் இராகவனுக்குள் இருக்கின்றோம். ‘அவனுடைய தந்தையின் கையெழுத்து’ என்றால் அவனருகே நின்று பார்க்கின்றோம். ‘வந்தானாம்’, ‘சொன்னாளாம்’ என்னும் ‘ஆம்’ ஈறோ, கதைசொல்லி அச்செய்திக்குப் பொறுப்பேற்க மறுப்பதை ஓரெழுத்தில் உணர்த்துவது. பூத் பல பக்கங்களில் ஆராய்ந்த நம்பத் தகாத கதைசொல்லியை நம் பாட்டிமார் இந்த ‘ஆம்’ கொண்டே படைத்து வந்திருக்கின்றனர்.

நான்காவது, நம் போன்றோர்க்கே உரிய சிக்கல். மாந்தர் பேசுவது தமிழே அன்று எனில் என் செய்வது? தாராவியில் திருநெல்வேலித் தமிழ் கேட்கலாம், மாதுங்காவில் பாலக்காட்டுத் தமிழ் கேட்கலாம்; ஆனால் அலுவலகத்திலும் பேருந்திலும் மாடிப்படியிலும் நிகழ்வது மராத்தியிலோ இந்தியிலோ ஆங்கிலத்திலோதான். பஞ்சாபி அண்டை வீட்டுக்காரரின் பேச்சைத் தமிழில் எழுதும்போது அவருக்கு மதுரைப் பேச்சைக் கொடுத்தால் நகைப்புக்கு இடமாகும். இந்தியையே தமிழெழுத்தில் எழுதி அடிக்குறிப்பு இட்டால் பக்கம் பள்ளிப் பாடநூல் ஆகிவிடும். அசோகமித்திரனின் ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ (1977), 1947-48 காலத்துச் செகந்தராபாதை எழுதுகின்றது; உருதும் தெலுங்கும் ஆங்கிலமும் தமிழும் கலந்த ஊர் அது. அவர் இந்தச் சிக்கலை ஆரவாரமின்றிக் கடந்து செல்லும் விதம் தனியே ஆராய்வதற்கு உரியது. ஆதவனின் ‘காகித மலர்கள்’ (1977) தில்லி உயர் அலுவலர் குடும்பம் ஒன்றைக் காட்டுகின்றது. அங்கே ஆங்கிலத்தில் எண்ணித் தமிழில் பேசும் மனங்களே பொருள். நாஞ்சில் நாடனின் ‘மிதவை’ (1986), படித்துவிட்டு வேலை தேடி அன்றைய பம்பாய்க்குச் செல்லும் நாஞ்சில் நாட்டு இளைஞனின் கதை. அவன் காதில் விழும் அயல்மொழி அவனுடைய தனிமையின் ஒரு பகுதியாகவே ஆகின்றது. மூவரும் மூன்று வழிகள். எந்த ஆங்கில வழிகாட்டி நூலைக் காட்டிலும் இம்மூன்று நாவல்களும் நமக்கு நல்ல ஆசான்கள்.

தமிழில் இத்துறை நூல்களே இல்லையோ எனின், உண்டு. மகரம் தொகுத்த ‘எழுதுவது எப்படி?’ ஒரு தலைமுறை எழுத்தாளர்களின் சொந்த வழிமுறைகளைத் தந்தது. க.நா.சு.வின் ‘நாவல் கலை’ உலக நாவல்களை நன்கு பயின்றவரின் நூல். ஜெயமோகனின் ‘நாவல்’, தமிழில் அப்பெயர் பெற்ற பலவும் குறுநாவல்களே என்று வாதிட்டு நல்லதொரு சர்ச்சையைக் கிளப்பியது. ஆயின் மேலே குறித்த மொழிச் சிக்கல்களை முறையாக எடுத்துப் பேசும் நூல் ஒன்று இன்னும் தேவைப்படுகின்றது.

பழைய நூல் ஒன்றை மட்டும் இங்கே நினைவூட்ட விரும்புகின்றேன். நன்னூலின் பொதுப்பாயிரம் நூலுக்குரிய குற்றங்கள் பத்தும் அழகுகள் பத்தும் கூறுகின்றது. பவணந்தியார் கருதியது இலக்கண நூல் போன்ற நூல்களை, நாவலை அன்று. எனினும் திருத்தி எழுதும் வேளையில் அக்குற்றங்களின் பெயர்களைக் காட்டிலும் கூர்மையான கருவி எனக்குத் தெரியவில்லை. வேதநாயகம் பிள்ளையின் நீதியுரைகளுக்கு நான் வாக்களித்த பெயர் ‘மற்றொன்று விரித்தல்’. வாசகன் முன்னரே புரிந்துகொண்டதைப் பாத்திரத்தின் வாயாலும் பின்னர் ஆசிரியர் வாயாலும் சொல்வது ‘கூறியது கூறல்’. இவை எல்லாவற்றினும் நாவலாசிரியன் அஞ்ச வேண்டியது ‘சென்று தேய்ந்து இறுதல்’. பொலிவோடு தொடங்கி, போகப் போக மெலிந்து, முடிவில் இல்லாமலே போவது. வார இதழ்த் தொடர்கதைகள் பலவற்றின் நோய் இதுவே. முடிவை அறியாமல் முதல் வாரத்தைத் தொடங்கியதாலும், வாசகர் கடிதங்களின் திசையில் கதையைத் திருப்பியதாலும், ஐம்பதாம் வாரத்தில் ஆசிரியரே களைத்துவிட்டதாலும் இது நேர்கின்றது. தொடராக வந்ததை நூலாக்கும்போது திருத்தி எழுதியவர் மிகச் சிலர். ஃப்ளோபேர் ஒரே நாவலுக்கு ஏறக்குறைய ஐந்தாண்டுகள் செலவிட்டார். அத்தகைய ஓய்வு நமக்கு வாய்க்காது என்பது உண்மை. ஆனால் முதற்படியை மூன்று மாதம் பெட்டியில் வைத்திருக்க ஓய்வு வேண்டுவதில்லை.

அந்த மூன்று மாதம்தான் வழிகாட்டி நூல்களைப் படிக்க ஏற்ற காலம் என்பது என் எண்ணம். எழுதுவதற்கு முன் படித்தால் அவை அச்சுறுத்தும், அல்லது எழுதிவிட்டோம் என்னும் பொய்ந்நிறைவைத் தரும். ஃபார்ஸ்டரின் கடைசிப் பெரு நாவல் 1924-இல் வந்தது. நாவலைப் பற்றி அவ்வளவு அழகாகப் பேசியவர் அதன்பின் தம் வாழ்நாளில் ஒரு நாவலும் வெளியிடவில்லை. காரணங்கள் வேறு வேறு. எனினும் ஆராய்ச்சியும் படைப்பும் ஒரே கட்டிலில் உறங்குவன அல்ல என்று இதைக் கண்டு சிலர் சொல்வர். முதற்படியை எழுதி முடித்தவன் கையில் கேள்விகள் இருக்கும். இந்த அத்தியாயம் ஏன் தொய்கின்றது, இவள் ஏன் உயிர் பெறவில்லை என்று கேட்டுக்கொண்டு நூலைத் திறப்பவனுக்கு லபக்கும் பூத்தும் கார்ட்னரும் விடை சொல்வார்கள்.

அதுவரை செய்யத்தக்க பயிற்சி ஒன்று உண்டு. அதற்கு நூற்கடைக்குப் போக வேண்டியதில்லை. ‘பதினெட்டாவது அட்சக்கோட்’டில் ஏதேனும் ஓர் அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு, அதில் வரும் ஒவ்வொரு உரையாடலும் உண்மையில் எந்த மொழியில் நிகழ்ந்திருக்கும் என்பதைப் பக்க ஓரத்தில் பென்சிலால் குறித்து வரலாம். குறித்த பின், அவ்வுரையாடலின் தமிழில் எந்தச் சொல் அல்லது எந்த விடுபாடு அதனை உணர்த்திற்று என்று தேடலாம். நான்கைந்து பக்கங்களுக்குள் ஓரங்கள் நிரம்பிவிடும். சங்க நூலகத்துப் படியாக இருந்தால் மட்டும் தனித்தாளில் குறித்துக்கொள்க.